வெளியில் கண்ட வண்ணத்துப்பூச்சிக் கூட்டுப்புழுவைப் பேணுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கறிவேப்பிலைத் தண்டிலோ, அரளி இலையின் அடியிலோ, மொட்டைமாடிச் சுவரின் விளிம்பிலோ அசையாமல் ஒட்டியிருக்கும் ஒரு கூட்டுப்புழுவைக் கண்டதும், அதை எடுத்து வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றலாமா என்ற எண்ணம்தான் பெரும்பாலோருக்கு முதலில் எழும். அந்த எண்ணம் நல்லதே. ஆனால் பெரும்பாலான நேரங்களில் அதைத் தொடாமல் விடுவதே அதற்குச் செய்யும் பெரிய உதவி. புழு கூடாக மாறுவதற்கு முன் உண்பதை நிறுத்திவிட்டு, சில நேரம் உணவுச் செடியை விட்டே இறங்கி, நிழலும் பிடிமானமும் மறைவும் சேர்ந்த ஓரிடத்தைத் தேடி அலைந்த பிறகுதான் அங்கே ஒட்டிக்கொள்கிறது. அது தேர்ந்தெடுத்த இடத்தைவிட நல்ல இடத்தை நம்மால் எளிதில் தர முடியாது.

எனவே இந்த வழிகாட்டி, இருந்த இடத்திலேயே காப்பதற்கு முதலிடம் தருகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள், செடியை வெட்டப் போகிறார்கள், கூடு கீழே விழுந்து கிடக்கிறது, எறும்புகள் மொய்க்கத் தொடங்கிவிட்டன என்பன போன்ற தேவை உண்மையிலேயே வரும்போது மட்டும் இடமாற்றத்துக்குச் செல்லலாம். காட்டுக்குள்ளும் சரணாலயங்களிலும் காணும் கூட்டுப்புழுக்களை எந்த நிலையிலும் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பல வண்ணத்துப்பூச்சி இனங்கள் பாதுகாக்கப்பட்டவை. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் போன்றவை மலைக்காடுகளிலேயே வாழ்பவை. அவற்றின் வாழிடத்தில் நாம் பார்வையாளராக இருந்தால் போதும்.

எதைக் கண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

தமிழ்நாட்டின் வீட்டுத் தோட்டங்களில் கண்ணில் படும் கூட்டுப்புழுக்களை, அவை ஒட்டியிருக்கும் முறையைக் கொண்டு இரண்டு பெரும் வகையாகப் பிரிக்கலாம். இந்தப் பிரிவு தெரிந்தால்தான் பிறகு செய்ய வேண்டியவை தெளிவாகும்.

முதல் வகை தலைகீழாகத் தொங்குவது. எருக்கஞ்செடியை உண்ணும் வெந்தய வரியனும், அரளியை உண்ணும் வெண்புள்ளிக் கருப்பனும் இந்த வகை. புழு முதலில் ஒரு பட்டு நூல் திட்டை நெய்து, அதில் பின்புறத்தை மாட்டித் தலைகீழாக வளைந்து தொங்கும். தோலை உரித்தபின் கூட்டின் வால்நுனியில் உள்ள கருநிறக் காம்பில் நுண்ணிய கொக்கிகள் இருக்கும். அந்தக் கொக்கிகள் பட்டுத் திட்டில் சிக்கிக்கொள்வதுதான் அதன் ஒரே பிடிமானம்.

இரண்டாவது வகை தலை மேல்நோக்கியிருக்க, வால்நுனி திட்டில் ஊன்றியிருக்க, உடலின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே அரைஞாண் கயிறுபோல ஒரு பட்டு நூல் சுற்றித் தாங்கியிருப்பது. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றில் வளரும் அழகி வகைகளும், ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலிக் கொடிகளில் வளரும் சிவப்புடல் அழகியும், வெள்ளை, மஞ்சள் நிறத்துச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளும் இப்படித்தான் கூடு கட்டுகின்றன. கறிவேப்பிலையில் உள்ள கூடு பச்சைத் தண்டின் மேல் பச்சையாகவும், காய்ந்த குச்சியின் மேல் பழுப்பாகவும் இருப்பதைப் பார்த்து இரண்டும் வேறு வேறு இனம் என்று கருத வேண்டாம். சுற்றுப்புறத்துக்கு ஏற்ப ஒரே இனமே நிறத்தை மாற்றிக்கொள்கிறது.

அரளியில் வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டைக் கண்டவர்கள் அதை மறப்பதில்லை. இலையின் அடியில் தொங்கும் அந்தக் கூடு மெருகேற்றிய உலோகம்போல வெள்ளியாகவோ பொன்னாகவோ ஒளிரும். அருகே சென்றால் நம் முகமும் பின்னாலுள்ள இலைகளும் அதன் வளைவில் தெரியும். இந்தப் பளபளப்பு எந்தச் சாயத்தாலும் வருவதன்று. கூட்டின் தோலில் மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருகிறது. தோல் காய்ந்துவிட்டால் அந்த ஒளியும் போய்விடும். அதனால்தான் பூச்சி வெளியேறிய வெற்றுக்கூட்டில் பொன்னிறம் இருப்பதில்லை.

மண்ணைக் கொத்தும்போது கிடைக்கும், வழவழப்பான செம்பழுப்பு நிறக் கூட்டுப்புழு பெரும்பாலும் அந்துப்பூச்சியினுடையது. அதைத் தொங்கவிடுவது தவறு. எடுத்த இடத்துக்கு அருகிலேயே ஈரமில்லாத தளர்ந்த மண்ணில் நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடினால் போதும். உடலெங்கும் மயிர் கொண்ட கம்பளிப்பூச்சிகள் சுற்றியிருக்கும் பட்டுக்கூடுகளை வெறுங்கையால் தொடக் கூடாது. அந்த மயிர்கள் தோலில் கடுமையான அரிப்பை உண்டாக்கும்.

உயிருடன் இருக்கிறதா என்று பார்த்தல்

புதிதாக உருவான கூடு மிகவும் மென்மையானது. ஆகவே குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் அதைத் தொடவே கூடாது. புழு வளைந்து தொங்கும் நிலையில் இருந்தாலும் இதே விதிதான். அந்த நேரத்தில் ஏற்படும் சிறு அழுத்தமும் சிறகு உருவாகும் பகுதியைக் கெடுத்துவிடும்.

இறுகிய கூடு உயிருடன் இருந்தால் தொடுவதற்கு நிறைவாகவும் கனமாகவும் இருக்கும். சில இனங்கள் இலேசாகத் தீண்டினாலே வயிற்றுப்பகுதியை அசைக்கும். ஆனால் அசையவில்லை என்பதாலேயே இறந்துவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம். வயிற்று வளையங்கள் இழுபட்டு நீண்டிருத்தல், தோல் தொய்ந்து கருத்து நீர் கசிதல், கெட்ட வாடை வீசுதல் ஆகியவை இறந்ததைக் காட்டும். கூடு மிகவும் இலேசாக, ஒளி ஊடுருவும் தாள்போல, தலைப்பக்கம் பிளந்திருந்தால் பூச்சி ஏற்கெனவே பறந்துவிட்டது. பக்கவாட்டில் ஊசியால் குத்தியதுபோல வட்டமான சிறு துளை இருந்தால் அதிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வெளியேறியிருக்கின்றன.

கூடு கருத்து வருவதைக் கண்டு பதறிப் பலர் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இதைப்போல வருந்தத்தக்க இழப்பு வேறில்லை. ஏனெனில் பூச்சி வெளிவருவதற்கு முந்தைய நாளில்தான் கூட்டின் தோல் கண்ணாடிபோலத் தெளிந்து, உள்ளே மடிந்திருக்கும் சிறகின் நிறம் வெளியே தெரிகிறது. வெந்தய வரியனின் கூட்டில் ஆரஞ்சு நிறமும் கருப்பு ஓரமும் வெள்ளைப் புள்ளிகளும் தனித்தனியாகவே தெரியும். கருப்பில் சிறகின் வடிவம் தெரிகிறதா, அல்லது வடிவமே இல்லாத அழுகல் கருப்பா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் இன்னும் ஒரு வாரம் காத்திருப்பதால் இழப்பது ஒன்றுமில்லை.

இருந்த இடத்திலேயே காத்தல்

முதலில் எறும்பு. கட்டெறும்பும் சிற்றெறும்பும் புதிய கூட்டையும் அப்போதுதான் வெளிவரும் பூச்சியையும் தாக்கும். தண்டில் உள்ள கூட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் தள்ளி, தண்டைச் சுற்றி விரலளவு அகலத்துக்கு வாசலைன் தடவினால் எறும்பு தாண்டாது. பக்கத்துக் கிளையோ சுவரோ அந்தத் தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தொடர்பையும் விலக்க வேண்டும், இல்லையேல் அவ்வழியே வந்துவிடும். தொட்டிச் செடியென்றால் தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தலாம். எறும்புச் சாக்பீஸ், பூச்சிமருந்துத் தெளிப்பான், கொசுவர்த்திச் சுருள், மின்கொசுவிரட்டி ஆகிய எதுவும் அருகில் கூடாது. எறும்பையும் கொசுவையும் கொல்லும் மருந்து வண்ணத்துப்பூச்சிக்கும் நஞ்சுதான்.

பல்லி, ஓணான், செண்பகம், மைனா ஆகியவை தொல்லை தரும் இடமானால் மெல்லிய கொசுவலைத் துணியில் ஒரு பை தைத்து, கூடு உள்ள கிளைப்பகுதியை அதற்குள் அடக்கி இரு முனையையும் தளர்வாகக் கட்டலாம். கூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். பூச்சி வெளிவந்து சிறகை விரிக்க அந்த இடம் தேவை. வலையைக் கட்டியவர் நாள்தோறும் காலையில் பார்க்கும் பொறுப்பையும் ஏற்கிறார். வெளிவந்த பூச்சி வலைக்குள் அடைபட்டு வெயிலில் துடிப்பதற்கு, வலை கட்டாமலே இருந்திருக்கலாம்.

மேற்குப் பார்த்த சுவரில் உள்ள கூட்டுக்குக் கத்திரி வெயில் ஆபத்தானது. பிற்பகல் வெயில் நேராக விழாதபடி ஓர் அட்டையைச் சற்றுத் தள்ளிச் சாய்த்து வைத்து நிழல் தரலாம். மழையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் நனைந்தபடியே எத்தனையோ கூடுகள் நலமாக இருக்கின்றன.

இடம் மாற்றியே ஆக வேண்டியபோது

கூட்டைப் பிடித்து இழுக்காமல், அது பற்றியிருக்கும் பொருளோடு சேர்த்து எடுப்பதே இதில் மிக முக்கியமான விதி. தண்டில் இருந்தால் கூட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் விட்டுத் தண்டையே வெட்டி, மணல் நிரப்பிய பாட்டிலில் அது இருந்த வாக்கிலேயே நட்டு வைக்க வேண்டும். தலை மேலே இருந்தது மேலேயே இருக்கட்டும், தொங்கியது தொங்கட்டும். இலையில் தொங்கும் கூடானால், வெட்டிய இலை சில நாளில் சுருண்டு காய்ந்து காம்போடு உதிரக்கூடும் என்பதால், பட்டுத் திட்டைச் சுற்றியுள்ள இலைத்துண்டை மட்டும் நறுக்கி, அதைத் துணி கிளிப்பால் ஒரு நூலிலோ கூடையின் மேற்புறத்திலோ மாட்டுவது பாதுகாப்பானது.

சுவரில் இருப்பதை எடுப்பது பொறுமை வேண்டும் வேலை. பட்டுத் திட்டின் ஓரத்தைப் பல்குத்தும் குச்சியின் முனையால் மெல்ல நெம்பி, எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சுருட்டிக்கொண்டே வந்தால் திட்டு முழுவதும் ஒரு சிறு பஞ்சுத் திரியாகக் கழன்று வரும். மற்றொரு கை அடியில் மென்துணியோடு தாங்கியிருக்க வேண்டும். இடைநூல் உள்ள வகையானால் முதலில் அந்த நூலைச் சுவரை ஒட்டிச் சிறு கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, பிறகு வால்பக்கத் திட்டை எடுக்க வேண்டும். கூட்டின் இரு பக்கமும் சிறகு மடிந்திருக்கும் வழவழப்பான பகுதியை விரலால் அழுத்தவே கூடாது.

கீழே விழுந்ததை மீண்டும் நிறுத்துதல்

விழுந்த கூட்டில் பிளவும் கசிவும் இல்லையென்றால் நம்பிக்கை உண்டு. தொங்கும் வகையில் வால்நுனியோடு பட்டுத் திரி ஒட்டியிருந்தால் அந்தத் திரியை மட்டும் தையல் நூலால் முடிந்து தொங்கவிடலாம். திரி இல்லையென்றால், ஒரு சிறு அட்டைத் துண்டில் ஒரு சொட்டு வெள்ளைப் பசையை வைத்து, வால்நுனிக் காம்பை மட்டும் அதில் பதித்து, பசை நன்கு காயும்வரை கூட்டைப் பஞ்சின் மேல் படுத்த நிலையிலேயே விட்டு, பிறகு அட்டையை மேலே மாட்ட வேண்டும். பசை வயிற்று வளையங்களில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். பட்டால் வளையங்கள் ஒட்டிக்கொண்டு பூச்சியால் வெளிவர முடியாது.

இடைநூல் அறுந்த அழகி வகைக்கு எளிய வழி, கடலைப் பொட்டலம் மடிப்பதைப்போலத் தாளில் சிறிய கூம்பு ஒன்று செய்து, வால்பக்கம் அடியில் இருக்குமாறு கூட்டை அதில் அமர்த்துவதாகும். கூட்டின் மேல்பாதி, அதாவது தலையும் தோளும், கூம்புக்கு வெளியே இருக்க வேண்டும். அந்தக் கூம்பைச் சொரசொரப்பான அட்டையிலோ மரப்பட்டையிலோ செங்குத்தாக ஒட்டினால், வெளிவரும் பூச்சி அதைப் பற்றி ஏறிக்கொள்ளும்.

இவற்றில் எதுவும் இயலாவிட்டால், கூடையின் அடியில் பருத்தித் துணி விரித்து அதன்மேல் கூட்டைக் கிடத்தி, சுற்றிலும் பூச்சி எளிதில் பிடித்து ஏறும்படி குச்சிகளையும் சாக்குத் துணியையும் சாய்த்து வைக்கலாம். வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் கால் வழுக்கி விழும் பூச்சிக்குச் சிறகு விரியாமலே இறுகிவிடும் என்பதால் இந்த ஏற்பாட்டில் அலட்சியம் கூடாது.

கூடையும் வைக்கும் இடமும்

மூடிய பாட்டிலும் டப்பாவும் வேண்டாம். உணவுப் பண்டங்களை ஈ மொய்க்காமல் மூடும் வலைக்குடை, மடித்து விரிக்கும் அழுக்குத்துணி வலைக்கூடை, அட்டைப்பெட்டியின் இரு பக்கத்தை வெட்டிக் கொசுவலை ஒட்டியது ஆகிய ஏதேனும் ஒன்று போதும். உயரம் ஓரடிக்குக் குறையாமலும், கூட்டுக்கு அடியில் பூச்சியின் சிறகைப்போல இரண்டு மூன்று மடங்கு வெற்றிடமும் இருக்கட்டும். அடியில் தாள் விரித்துவிட்டால் துப்புரவு எளிது.

காற்றோட்டமுள்ள திண்ணை, வெயில் படாத பால்கனி, ஜன்னலோரத்து நிழல் ஆகியவை நல்ல இடங்கள். ஏசி அறையில் காற்று வறண்டு கூடு காய்ந்துவிடும். இரவிலும் விளக்கு எரியும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். கூட்டுப்புழுவுக்கு உணவோ குடிநீரோ தேவையில்லை. வறண்ட கோடைநாளில் காலையில் ஒருமுறை கைத்தெளிப்பானால் வலையின் மேல் இலேசாக நீர் தூவினால் போதும். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

சமவெளி வெப்பத்தில் நாம் சாதாரணமாகக் காணும் இனங்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் வெளிவந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் காலம் நீளும். வறண்ட பருவத்தில் சில இனங்கள் வாரக்கணக்கில் அப்படியே காத்திருப்பதும் உண்டு. ஆகவே கூட்டைக் கண்ட தேதியைக் கூடையின் மேல் எழுதி வைப்பது பயனுள்ளது.

வெளிவரும் நாள்

பெரும்பாலும் காலையில்தான் வெளிவரும். தலைக்குப் பின்னால் தோல் பிளந்து, கால்கள் முதலில் வெளிப்பட்டு, ஓரிரு நிமிடத்துக்குள் பூச்சி முழுவதும் வெளியே வந்து வெற்றுக்கூட்டையே பற்றிக்கொண்டு தொங்கும். அப்போது வயிறு பருத்தும் சிறகு கசங்கிய ஈரத்துணிபோலச் சுருங்கியும் இருக்கும். அதைப் பார்த்து ஊனம் என்று எண்ணிவிட வேண்டாம். வயிற்றிலுள்ள நீர்மத்தைச் சிறகு நரம்புகளுக்குள் அழுத்தி அனுப்பும்போது பத்து, இருபது நிமிடத்தில் சிறகு முழு அளவுக்கு விரிகிறது. அதே வேளையில் இரண்டு பாதியாக வெளிவந்த உறிஞ்சுகுழலைச் சுருட்டியும் நீட்டியும் ஒன்றாக இணைத்துக்கொள்வதை உற்றுப் பார்த்தால் காணலாம். சிவப்பு அல்லது ஆரஞ்சு நிற நீர்த்துளிகள் தாளில் விழும். அது குருதி என்று அஞ்ச வேண்டாம். கூட்டுக்குள் இருந்த காலத்தில் சேர்ந்த கழிவே அது.

வெளிவரத் திணறுவதாகத் தோன்றினாலும் கூட்டைக் கத்தியாலோ நகத்தாலோ பிளந்து உதவ முற்படக் கூடாது. உள்ளே வளர்ச்சி முடியாத நிலையில் பிளந்துவிட்டால் சிறகு ஒருபோதும் விரியாது. பூச்சி பிடி தவறிக் கீழே விழுந்தால் மட்டும் தாமதிக்காமல் ஒரு குச்சியை அதன் முன்னங்காலுக்குக் கீழே நீட்டி, ஏறியதும் அதைச் செங்குத்தாக மாட்டிவிட வேண்டும். சிறகு விரியும் அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே நம் கையில் உள்ளன.

பறக்க விடுதல்

சிறகு விரிந்தபின் இறுகுவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். பூச்சி தானே சிறகை விரித்து மூடத் தொடங்கி, கூடையின் மேற்பக்கம் ஏறி வந்தால் நேரம் வந்துவிட்டது. சிறகைப் பிடித்துத் தூக்காமல், கூடையைத் திறந்து செடியருகே வைத்தால் தானே பறந்துவிடும். கண்டெடுத்த இடத்துக்கு அருகிலேயே விடுவது முறை. உண்ணிச்செடி, இட்லிப்பூ, தேள்கொடுக்கு போன்றவை பூத்திருக்கும் இடம் கிடைத்தால் நல்லது. வெளிவந்த முதல் நாளில் அதற்குப் பெரும்பாலும் பசிப்பதில்லை.

அடைமழையாக இருந்தாலோ மாலை மங்கிவிட்டாலோ மறுநாள் காலைவரை கூடையிலேயே வைத்திருக்கலாம். ஒரு நாளுக்கு மேல் நீண்டால், பத்துத் தேக்கரண்டி நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கரைத்துப் பஞ்சில் நனைத்து வைக்கலாம், அல்லது தர்ப்பூசணித் துண்டு ஒன்றை வைக்கலாம். வண்ணத்துப்பூச்சி சுவையைக் காலாலும் அறியும் என்பதால், அதன் முன்னே பஞ்சை வைத்துக் காலில் படும்படி செய்தால் தானே குழலை நீட்டும்.

நம் கையை மீறியவை

சிறகு சுருண்டே இறுகிவிட்ட பூச்சியை மீட்க முடியாது. அதைப் பூச்செடியின் நிழலில், எறும்பு ஏறாத இடத்தில் விட்டு, இருக்கும் நாள்வரை சர்க்கரை நீர் தருவதே இயன்றது. கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக வெண்புழு இறங்கி வந்து பழுப்பு மணியாக மாறினால் அது ஒட்டுண்ணி ஈயினுடையது. சிறு குளவிகள் கூட்டமாக வந்தாலும் கலங்க வேண்டாம். புழுவாக இருந்தபோதோ கூடான சிறிது நேரத்திலோ முட்டையிட்டு நுழைந்தவை அவை. அதை நம் பேணுதலின் குறையாகக் கொள்ளக் கூடாது. அந்த ஈக்களும் குளவிகளும் தோட்டத்தில் இலையுண்ணிகளைக் கட்டுக்குள் வைப்பவை. அவற்றையும் வெளியே விட்டுவிடுவதே சரி.

வேலை முடிந்ததும் அடித்தாளை எறிந்து, கூடையைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் நன்கு காயவைத்தபிறகே அடுத்த கூட்டுக்குப் பயன்படுத்த வேண்டும். கறிவேப்பிலையையும் அரளியையும் கவாத்து செய்யும் முன் ஒவ்வொரு கிளையையும் இலையடியையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, கூடு உள்ள கிளையை மட்டும் அடுத்த முறைக்கு விட்டுவைத்தால், இந்த வழிகாட்டியின் பாதிப் பக்கங்களுக்குத் தேவையே வராது.